மித்யாவுக்கு வலிக்கிறது

ஆட்டம் தொடங்க அரைமணி இருக்கும்போது டாக்டர் அம்மாள் ரோதியோனின் இடது கைச் சுண்டுவிரலைக் கிடுக்கியில் வைத்து நெரித்தார். ரோதியோன் அலறினான். மேசைமேல் இருந்த, வலியை அளக்கும் நோவுமானியின் முள் துள்ளி எழுந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

“சுத்தமா இருக்கு,” என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற நடுவர் தலையசைத்தார்.

வலி மாத்திரை எதையும் விழுங்கிவிட்டு வரவில்லை என்பதற்கான சோதனை அது. மரத்துப்போன உடம்போடு ஆடுவது ரசிகனை ஏமாற்றும் வேலை. பிடிபட்டால் வாழ்நாள் முழுக்கப் பனிமேல் கால் வைக்க முடியாது. ரோதியோன் கூலெஷின் தன் ஆட்ட வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை. பெர்ம் நகரத்தில் அவனுக்கு இருந்த மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

அவனுடைய அப்பா டிராம் ஓட்டியவர். மகனுக்கு ஐந்து வயதானபோது காலில் சறுக்குக் காலணியைக் கட்டி, அவன் அழ அழ ஐஸ் ஹாக்கிப் பள்ளியில் கொண்டுபோய்விட்டார். பதினேழு வயதில் ‘காமா கரடிகள்’ குழுவின் ஒப்பந்தத்தில் ரோதியோன் கையெழுத்திட்டான். அவன் தடுப்பாட்டக்காரன். எதிரணி அடிக்கும் ரப்பர் வட்டு தன் பக்கத்து வலைக்குள் போகாமல் குறுக்கே விழுவது அவன் வேலை. மட்டையால் தடுக்க முடிந்தால் மட்டையால். முடியாவிட்டால் மார்பால், முழங்காலால், முகத்தால். பத்திரிகைகள் அவனை ‘மதில்’ என்று எழுதின.

பிறகு எந்திரன்கள் வந்தன. முதலில் முன்வரிசை ஆட்டக்காரர்களின் இடம் போயிற்று, அடுத்து வலைக்காவலர்களின் இடம். எந்திரன் அடித்தால் வட்டு கண்ணுக்கே தெரியாது. ஒரு பருவம் முழுக்கத் தடுப்பாட்டத்தையும் எந்திரன்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். அரங்கங்கள் காலியாகிவிட்டன. இரும்பு இரும்பில் மோதுவதைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் இல்லை. அதனால் தடுப்பாட்டத்துக்கு மட்டும் மனிதர்களைத் திரும்ப அழைத்தார்கள். கூடவே உணர்வளையத்தையும் கொண்டுவந்தார்கள்.

உணர்வளையம் என்பது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு காப்பு. தடுப்பாட்டக்காரனின் பிடரியில் பதித்த சில்லு, அவன் படும் வலியில் நூறில் ஒரு பங்கை அரங்கில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அனுப்பும். பச்சை மிளகாயை நுனிநாக்கில் வைத்த மாதிரி ஒரு சுரீர், பின்னாலேயே ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். ஒருமுறை அனுபவித்தவர்கள் மறு ஆட்டத்துக்கும் வந்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அதிலும் பாதி.

ரோதியோனின் மகள் லாதா அந்தச் சுரீரில் வளர்ந்தவள். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு வெயிலடிக்கும் தெற்குப் பக்கம் போய்விட்ட பிறகு, அப்பாவும் மகளும் மட்டும்தான். “அப்பா, நேத்து விலா எலும்பு சூப்பர்ப்பா!” என்று காலைச் சாப்பாட்டின்போது சொல்வாள். மூச்சு இழுத்தால் குத்தும் விலாவோடு அவனும் சிரிப்பான். மகளுக்குப் பிடிக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

முப்பத்தாறு வயதில் அவன் வாயில் முன்பற்கள் ஒன்றுகூட இல்லை. முழங்கால்கள் மடங்க மறுத்ததால் படிக்கட்டில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இன்னும் ஒரு பருவம் ஆடினால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் அம்மாள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ரோதியோன் குழு மேலாளர் கெர்மன் ல்வோவிச்சைப் போய்ப் பார்த்தான்.

“கெர்மன் ல்வோவிச், என்னால முடியல. என்னை விட்டுடுங்க.”

மேலாளர் அவனைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். “ரோத்யா, உன்னை நான் பிடிச்சா வெச்சிருக்கேன்? மாற்றாள் வந்த அன்னிக்கு நீ போகலாம்னு ஒப்பந்தத்திலேயே இருக்கு. ஆனா இந்த வேலைக்கு இப்ப எவன் வர்றான், நீயே சொல்லு.”

யாரும் வரவில்லை. அந்த நிலைமையில்தான் ஒரு தொழிற்சாலை மித்யா என்ற எந்திரனைச் செய்து கொடுத்தது.

மித்யாவின் தோலுக்கு அடியில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நரம்பு ஓடியது. அடித்தால் அவனுக்கு வலிக்கும், மனிதனுக்கு வலிப்பது போலவே. இருபது வயதுப் பையனின் முகத்தைக் கொடுத்து, மூக்கின்மேல் நாலைந்து மச்சப்புள்ளியும் வைத்திருந்தார்கள். முதல் பயிற்சியில் வட்டு அவன் தோளில் விழுந்தது. பனியில் சுருண்டு கிடந்தவன், ஓரத்தில் நின்ற ரோதியோனைப் பார்த்து, “இது எப்ப நிக்கும்?” என்று கேட்டான்.

“ஆட்டம் முடிஞ்சதும் கொஞ்சம் நிக்கும். அடுத்த ஆட்டம் வரைக்கும்,” என்றான் ரோதியோன். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

ஆட்டக்காரர்கள் உணர்வளையம் அணியக் கூடாது என்பது விதி. ஓய்வு பெற்றதால் ரோதியோன் வாழ்க்கையில் முதல்முறையாக அதை மாட்டிக்கொண்டு, லாதாவின் பக்கத்தில் பார்வையாளனாக உட்கார்ந்தான். இரண்டாவது நிமிடமே மித்யாவின் முழங்காலில் வட்டு விழுந்தது. ரோதியோனின் மணிக்கட்டிலிருந்து ஒரு சுரீர் ஏறித் தலையில் இனிப்பாகப் பரவியது. இத்தனை வருடமும் இந்த ஜனங்கள் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தானா? இவ்வளவு சுகமா இது? தான் எழுந்து நிற்பதும், “அடி! இன்னொண்ணு அடி!” என்று தொண்டை கிழியக் கத்துவதும் சற்றுத் தாமதமாகத்தான் அவனுக்கே தெரிந்தது.

லாதா கத்தவில்லை. வளையத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

“அப்பா, அவன் அழறான்.”

“எந்திரன்மா அது.”

“அழறான்ப்பா, பாருங்க!”

அழத்தான் செய்தான். ஆட்டம் முடிந்து ஓய்வறைக்குப் போகும் வழியில் சுவரோரம் உட்கார்ந்து, தரை துடைக்க வந்த பெண்ணிடம், “நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று மித்யா கேட்டதை யாரோ படம் பிடித்து அனுப்ப, மறுநாள் காலைக்குள் அது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணீர் விட்டார்கள். ஊர் ஊராக மெழுகுவத்தி ஏற்றினார்கள். பெண்கள் மித்யாவுக்குக் கம்பளி பின்னி அனுப்பினார்கள். பெர்மில் நடந்த ஊர்வலங்களில் லாதா முதல் வரிசையில் நடந்தாள். உறைபனியில் தொண்டை கட்டும் வரை முழங்கினாள். இரண்டு தடவை காவல் வண்டியிலும் ஏறினாள். தன் பெண்ணுக்கு இவ்வளவு ஈர நெஞ்சா என்று ரோதியோன் வியந்துபோனான்.

வசந்தத்தில் சட்டம் வந்தது. வலி உணரும் எந்த எந்திரத்தையும் காயப்படுத்தக் கூடாது. அதுவே சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது, ஏனென்றால் சம்மதிப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. மனிதர்களைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மனிதன் தானாகச் சிந்தித்துக் கையெழுத்துப் போடுகிறவன்.

“ஜெயிச்சுட்டோம்ப்பா!” என்று லாதா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரோதியோன் அவளை மனசாரத் தட்டிக்கொடுத்தான். தேநீர் கொதிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

“மாற்றாள் இல்லைன்னு ஆயிடுச்சே ரோத்யா,” என்றார் கெர்மன் ல்வோவிச். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “ஒப்பந்தம் பழையபடி உயிரோட இருக்கு. சனிக்கிழமை ஆட்டம்.”

ரோதியோன் பேசியை வைத்துவிட்டு மகளிடம் விஷயத்தைச் சொன்னான். லாதாவின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கொஞ்ச நாளைக்குத்தானேப்பா? கஷ்டம்தான், எனக்குப் புரியுது. ஆனா நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க. அவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கலையே.”

ஐந்து வயதில் அழ அழப் பனியில் இறக்கிவிடப்பட்ட, டிராம் ஓட்டியவரின் மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வாழ்த்துச் சொல்ல யாரோ லாதாவைக் கைபேசியில் அழைத்துவிட்டார்கள். அவள் பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை அரங்கில் உட்கார இடமில்லை. ஆட்டத்துக்கு முன் எல்லாரும் எழுந்து நின்று, மித்யா பட்ட துன்பத்துக்காகத் தலை குனிந்து மௌனம் காத்தார்கள். மித்யா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கௌரவ விருந்தினர் மாடத்தில் இருந்தான். லாதா அவன் தோளில் கை போட்டிருந்தாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்துவிட்டு உட்கார்ந்து, வளையங்களை மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டார்கள். நடுவர் ஊதினார்.

முதல் பகுதி முடியும் முன்பே எதிரணி எந்திரன் அடித்த வட்டு ரோதியோனின் வலது காறை எலும்பை இரண்டாக உடைத்தது. அரங்கம் ஒரே குரலாக ‘ஆ’ என்று சிலிர்த்தது. அவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து, பனி பெய்துகொண்டிருந்த முற்றத்தில் ஆம்புலன்ஸ் அருகில் நிறுத்தினார்கள். லாதா அழுதுகொண்டே ஓடிவருவதைப் பார்த்ததும் அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

“ஒண்ணும் இல்லம்மா, எலும்புதான். அழாத,” என்றான்.

“அப்பா, மித்யாவுக்கு நடுக்கம் நிக்கவே மாட்டேங்குது,” என்று லாதா மூச்சு வாங்கினாள். “நீங்க கத்தினதைக் கேட்டு ரொம்பப் பயந்துட்டான். நீங்க அடுத்த வண்டியில வாங்கப்பா, ப்ளீஸ். இப்பல்லாம் அவங்களுக்குத்தான் முன்னுரிமை.”

மித்யாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரோதியோன் ஒதுங்கி வழிவிட்டான். வண்டிக்குள் ஏறும்போது மித்யா திரும்பி அவனைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தான், கதவு சாத்திவிட்டார்கள். வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. லாதாவும் அதில் போனாள்.

இடைவேளையில் காற்று வாங்க வெளியே வந்த ஓர் ஆள், உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றவனை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார். நல்ல மனிதர்தான். கண்கள் சிவந்திருந்தன.

“அந்தப் பிள்ளை எப்படி நடுங்குச்சு பாத்தீங்களா?” என்றார். “எப்படித்தான் அதை அடிக்க மனசு வந்துச்சோ. மனுசங்களுக்கு ஈவிரக்கமே இல்லாமப் போச்சு, தம்பி.”

“ஆமா,” என்றான் ரோதியோன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். ரோதியோனின் தோளில் கை போடப் போனவர், வலிக்குமே என்று நினைத்தோ என்னவோ, இடது பக்கமாக மாறி நின்றுகொண்டார்.

“கொஞ்சம் நிமிந்து நில்லுங்க, தம்பி. அப்படித்தான். சிரிங்க.”

ரோதியோன் சிரித்தான்.