கான்டஸாவின் டிக்கி

காலையிலிருந்தே இடுப்பு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ரசூல் பாயின் லோடு வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த பிலோமின்ராஜ், ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தான். இருபது வருஷம் குனிந்தே நின்று தகரம் தட்டிய டிங்கருக்கு இடுப்பு வேறெப்படி இருக்கும்? தட்டு விலகிவிட்டது, இன்னும் ஒரு வருஷம் சுத்தியலைத் தூக்கினால் அப்புறம் கக்கூஸுக்கும் ஆள் பிடித்துத்தான் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

அந்த ஒரு வருஷத்துக்குள் ஒரே ஒரு வண்டி செய்துவிட வேண்டும். பழைய கார் ஒன்றை வாங்கி, எஞ்சின் மாற்றி, அகலமான டயர் போட்டு, வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு பாய்கிற வண்டியாக்கிக் கோயம்புத்தூர் கண்காட்சியில் நிறுத்த வேண்டும். பணக்காரப் பையன்கள் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தால், தட்டுவதற்கு ஆள் வைத்துவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொல்லலாம். அதற்காகத்தான் அவன் மனைவி கேத்தரின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். வண்டியும் வேலையும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குள் முடிய வேண்டும்.

"பின்சக்கரம் தள்ளணும் மாப்ள. அதான் கணக்கு" என்றார் ரசூல். பாலக்கரையில் பழைய எஞ்சின் விற்கிறவர். "முன்சக்கரம் இழுக்குற வண்டியெல்லாம் காய்கறி வாங்கப் போறதுக்கு."

"அதத்தான் ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருக்கீங்க. ரெண்டு வண்டிதான் பாத்துருக்கோம்."

உறையூரில் பார்த்த பழைய பத்மினி காரில் ஏறி உட்கார்ந்தபோது கால் தரையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டது. தொட்டியத்தில் வாழைத்தோப்புக்காரர் வைத்திருந்த ஜிப்ஸி ஜீப் ஊசி மாதிரி கச்சிதமாக இருந்தது. விலையும் ஊசி மாதிரி குத்தியது. மூன்றாவது இந்தக் கான்டஸா கார். நீள மூக்கு, அகலமான இடுப்பு. எழுபதாயிரம் கொடுத்தால் போதும் என்று போனில் சொன்னார்கள். அந்த விலைக்கு அதன் கண்ணாடிகூடக் கிடைக்காது.

வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இரண்டு பக்கமும் வாழை. வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் பின்பக்கத்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் முழங்கை மயிர் சிலிர்த்தது. ஓடு வேய்ந்த ஷெட். அதற்குள் ஒரு குளிர், மழை பெய்து ஓய்ந்த கிணற்றடிபோல.

"இதுதான்" என்றார் அந்த அம்மாள். பிரேமலதா என்று பெயர். எழுபது வயதிருக்கும். ஷெட் வாசலோடு நின்றுகொண்டார், ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் வண்டி. அவர் போயி ரெண்டு வருஷமாச்சு. எடுத்துட்டுப் போனாப் போதும்."

மெரூன் நிறம். தூசிக்கு அடியில் கருஞ்சிவப்பாக, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி இருந்தது. ரசூல் அடியில் படுத்து ஷாஃப்டைப் பார்த்துவிட்டுச் சீழ்க்கை அடித்தார். "துருவே இல்ல மாப்ள. கன்னிப்பொண்ணு மாதிரி இருக்கு."

பிலோமின் பையிலிருந்து காந்தத்தை எடுத்தான். பழைய ஸ்பீக்கரில் பிய்த்தது, கிழிந்த பனியன் துணியில் சுற்றியிருப்பான். பழைய வண்டி பார்க்கப் போகிற டிங்கர் இது இல்லாமல் போகமாட்டான். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் கவ்வும். தகரம் நசுங்கி, நிமிர்த்தாமல் மேலே பட்டி பூசி மறைத்திருந்தால் கையோடு வந்துவிடும்.

கதவில் கவ்வியது. கூரையில் கவ்வியது. வலதுபக்க மட்கார்டில் நழுவியது.

பானட்டில் விழுந்தது.

அவன் விளிம்பு கண்டுபிடிக்க மெதுவாக நகர்த்தினான். கவ்வாத இடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தூசியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனான். முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தான்.

தூசியில் ஒரு ஆள் கவிழ்ந்து கிடந்தது. தலை, தோள், நீட்டிய ஒரு கை.

"எந்தக் களவாணிப் பய பண்ண வேலை இது? மூணு விரக்கடைக்குப் பட்டி அடிச்சிருக்கான்" என்றார் ரசூல். "விலையக் குறைக்க நல்ல சாக்கு."

பிலோமின் பானட்டைத் தூக்கினான். விளிம்புக்கு உள்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், பட்டியைத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். ஓரத்தில் மெரூனுக்குக் கீழே வெள்ளை பெயிண்ட் தெரிந்தது. ஈரப் பட்டியை அழுத்திய கட்டைவிரல் தடம் கல்லாகி நின்றது. தடத்தின் குறுக்கே ஒரு வெட்டு.

அவன் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தான். பத்தொன்பது வயதில் தகரம் கிழித்த தழும்பு. விரலைத் தடத்தில் வைத்தான்.

"பொருந்துதா தம்பி?"

பிரேமலதா அம்மாள் வாசலிலிருந்து, ரசூலுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. அவன் அப்போது வேலை பார்த்த பாலக்கரைப் பட்டறை பூட்டு. மேஸ்திரி உட்பட எல்லோரும் கோயிலில். பிலோமின் மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தான். பன்னிரண்டு மணிக்கு ஒரு வெள்ளைக் கான்டஸா முனகிக்கொண்டே வந்து நின்றது. மட்கார்டு மடங்கி டயரைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்தடி நகராது.

"மாடு குறுக்க வந்துருச்சு" என்றார் வெள்ளைச்சட்டை போட்ட மனிதர். பீமராவ். "சாயங்காலத்துக்குள்ள முடி. மூணு பங்கு கூலி தரேன்."

நாற்காலியை இழுத்து டிக்கியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாவி வளையம் விரலில். வைப்பருக்கு அடியில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் கிடந்தன. எந்த மாடு வளையல் போடும்? பிலோமின் பிரஷால் தள்ளிவிட்டான்.

மட்கார்டில் மூன்று தட்டு தட்டினான்.

பின்னாலிருந்து மூன்று தட்டு வந்தது.

நிறுத்தினான். அதுவும் நின்றது. மறுபடி மூன்று தட்டினான். மறுபடி மூன்று வந்தது. தகரத்துக்கு உள்ளேயிருந்து, விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். பீமராவின் முகத்தில் வியர்வை வழிந்தது. டிக்கியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கோயில்ல கட்டை அடிக்கிறாங்க போலருக்கு."

பெரிய வெள்ளிக்கிழமை மாதாகோயிலில் மணி அடிக்கமாட்டார்கள். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பிலோமினுக்கு அது தெரியும். கோயில் மூன்று தெரு தள்ளி என்பதும் தெரியும்.

"ஆமாங்க. கட்டைதான்" என்றான்.

ரேடியோவைச் சத்தமாக வைத்தான். நசுங்கிய பானட்டை நிமிர்த்தத் தட்ட வேண்டும், தட்டினால் பதில் வரும். ஆகவே தட்டாமலே பட்டியைக் குழைத்து அப்பினான். தட்டாவிட்டாலும் வந்தது. மூன்று, அப்புறம் இரண்டு. மூன்று மணி வாக்கில் ஒன்று. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

கூலியை வாங்கி எண்ணாமலே பையில் போட்டான். நாலு நாள் கழித்துப் பேப்பரில் மூன்று வரி வந்தது. கொள்ளிடத்தில் பெண் பிணம். தொட்டியம் பக்கம் வாழைத்தார் சுமக்கிற ராசாத்தி, வயது முப்பது.

"அவளுக்கு உசுரு இருந்தது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. போயிடுச்சுன்னு நினைச்சுத்தான் தூக்கிப் போட்டாராம்" என்றார் பிரேமலதா அம்மாள், வெயிலில் நின்றபடி. "டிங்கர் பட்டறைல வச்சுத்தான் தெரிஞ்சுதாம். 'எனக்கும் கேட்டுச்சு, அந்த டிங்கருக்கும் கேட்டுச்சு, கேட்டுக்கிட்டேதான் மூணு பங்கு கூலி வாங்கிட்டுப் போனான்'னு சொல்லுவாரு. நான் யார்கிட்ட போயிச் சொல்றது? அப்ப எம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தோம்."

சாவியை நீட்டினார். "டிக்கிச் சாவி. அன்னிக்கு ராத்திரிக்கு அப்புறம் யாரும் திறக்கல."

ரசூல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன ரகசியம்? டிக்கியத் தொற மாப்ள, உள்ள துரு இருக்கான்னு பாத்துருவோம்."

பிலோமினுக்கு இடுப்பில் கத்தி குத்தியது. ஓடிவிடலாம். ஓடினால் ஒரு வருஷத்தில் படுக்கை. எழுபதாயிரத்துக்கு இப்படி ஒரு வண்டி மறுபடி கிடைக்காது. சங்கிலி கழற்றிய கேத்தரின் கழுத்து கண்ணில் நின்றது.

சாவியைப் போட்டுத் திருப்பினான். மூடி முனகிக்கொண்டே எழுந்தது.

காலி.

வாழைக்கறை வாசம் குப்பென்று அடித்தது. இப்போதுதான் தார் வெட்டிய மாதிரி, பச்சையாக. வேறு ஒன்றுமில்லை. மூடியின் உள்பக்கம் மட்டும் சின்னச் சின்னக் குழிகள், உள்ளேயிருந்து வெளியே தள்ளியவை. விரல் முட்டி அளவு. எல்லாம் ஒரே இடத்தில். இடுப்பை மடக்கிப் போட்டால்தான் அதற்குள் ஒரு ஆள் அடங்கும் என்று டிங்கர் கண் அளந்துகொண்டது.

"காலிதான்" என்றான் பிலோமின். சிரிப்பு வந்தது. பதினைந்து வருஷம் எதற்குப் பயந்தோம்? ஒரு தகரப் பெட்டி.

உடனே பேரமும் வந்தது. "அம்மா, பானட் பூரா பட்டி. அத உடைச்சுப் புதுசா அடிக்கணும். அம்பதுக்குக் குடுங்க."

தான் அப்பிய பட்டியைக் காட்டித் தானே விலையைக் குறைத்தான். அந்த அம்மாள் அவன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"சரி தம்பி. உங்களுக்குத்தான் இது சேரணும்."

லோடு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டினார்கள். ரசூல் முன்னால் ஓட்ட, பிலோமின் கான்டஸாவில் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்தான். அம்மா மண்டபம் தாண்டி, காவிரிப் பாலத்தில் ஏறினார்கள். ஆற்றில் மணல் தகதகத்தது. முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, ஹாரன். பாலத்தில் நடுவழியில் நிறுத்த முடியாது.

வாழைக்கறை வாசம் வந்தது.

கண்ணாடியை இறக்கிவிட்டான். வாசம் போகவில்லை.

தட். தட். தட்.

கயிறு அதிருது என்று சொல்லிக்கொண்டான்.

தட். தட். தட்.

"பாய்!" என்று கத்தினான். பஸ் ஹாரனில் குரல் கரைந்தது. ஹாரனை அமுக்கினான், பேட்டரி இல்லாத வண்டி ஊமையாக இருந்தது. முதுகுச் சீட்டு வழியாக ஒவ்வொரு தட்டும் அவன் இடுப்பு எலும்பில் இறங்கியது, விரல் முட்டி நேராக அங்கேயே தட்டுகிற மாதிரி.

கோயில்ல கட்டை அடிக்கிறாங்க. வாய் தானாக முணுமுணுத்தது. கோயில்ல கட்டைதான்.

அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுன் பக்கத்து மாதாகோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. வெண்கல மணி, கணீர் கணீரென்று.

மணி அடிக்கிற நாளில் கட்டை அடிக்கமாட்டார்கள்.

பட்டறை வாசலில் கயிற்றை அவிழ்த்ததும் ரசூல் டீக்குப் போனார். பிலோமின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடி டிக்கியைத் திறந்தான். காலி. மூடினான். தட், தட், தட். திறந்தான். காலி. மண்டியிட்டு உள்ளே தலையை விட்டு, "வா தாயி, வெளிய வந்துரு, திறந்துட்டேன்" என்றான். மூடினான். மூன்று.

நேரம் ஆக ஆக இரண்டாயிற்று. மூன்று மணிக்கு ஒன்று. அப்புறம் அடங்கியது. ரசூல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, அவனுக்கு வெயில் அடித்துவிட்டது என்றார்.

மறுநாள் மூடியையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். டிக்கி வானம் பார்த்துக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு, சுவரில் சாய்ந்திருந்த வெறும் மூடியில் ஒரு புதுக் குழி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அவன் திறப்பதெல்லாம் இன்றைய டிக்கி. அவள் கிடப்பது அன்றைய டிக்கியில்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை, பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், ராசாத்திக்கு அவன் ஒரு மூடியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அது இன்னும் பாக்கி.