ஒன்றில் நின்ற எண்ணிக்கை

மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். பேய் பிசாசை யாராவது நினைக்கிற நேரமா அது? சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, பழைய மின்னணுப் போர்டுகள் அடுக்கிய சோதனை அறைக்குள் அவள் நுழைந்தாள்.

பூட்லோடரைச் சுத்தம் செய்வது அவள் வேலை. போர்டுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண் விழித்து, மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற சின்ன நிரல் அது. பத்து வருஷக் குப்பை. புழக்கத்தில் இல்லாத போர்டுகளின் வரிகளை ஒவ்வொன்றாக அழித்து வந்தாள்.

மிச்சமிருந்தது மூச்சுக் கருவியின் போர்டு.

அவள் கணவன் எழுதிய நிரல். அதில் அவன் செய்த மாற்றத்தால்தான் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் கருவி எழும்பாமல் ஓர் உயிர் போனது என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். ஊரே காறித் துப்பியது. ஏன், அவளே கேட்டாள்: "இப்படிப் பண்ணித் தொலைச்சிட்டியே!"

"நான் பண்ணலைம்மா," என்றான். அவள் நம்பவில்லை. மூன்றே மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான்.

"அந்தச் சனியனை இன்னிக்கே அழிச்சிடும்மா," என்று காலையில் மேலாளர் சொல்லியிருந்தார். அவள் கணவனுக்குக் கூடப் பிறக்காத அண்ணன். மகளுக்குத் தொட்டில் வாங்கித் தந்தவர்.

அழிக்கும் முன் போர்டை ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது வழக்கம். ஸ்விட்சைப் போட்டாள். கணினித் திரையில் எண்ணிக்கை ஓடியது. ஏதாவது விசையைத் தட்டினால் அது நிற்கும்.

மூன்று. இரண்டு. ஒன்று.

நின்றது.

அவள் எதையும் தட்டவில்லை. விசைப்பலகையிலிருந்து போர்டுக்கு எழுத்தைக் கொண்டுபோகும் கம்பியும் கழன்று மேஜையில் கிடந்தது. ஒன்று வரும்வரை காத்திருந்து தட்டுவது அவனுடைய குறும்பு. அவன் சட்டையில் வீசும் பற்றவைக்கும் சூடான ஈய வாசனை அறையில் பரவியது.

திரையில் ஒரு தேதி வந்தது. அந்த மாற்றத்தைப் போர்டில் ஏற்றிய தேதி. அதே தேதி மறுபடியும், மறுபடியும்.

அது மகள் பிறந்த நாள். அன்று விடிகாலையிலிருந்து பிரசவ வார்டில் அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தான் அவன். விசாரணையில் காட்டிய தேதி வேறு. அவனுடைய பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் ஒருவர்தான். "ஆபீஸை நான் பாத்துக்கறேன்டா, நீ கிளம்பு," என்று முந்தின ராத்திரி அவனை அனுப்பி வைத்த அதே அண்ணன்.

பாவி! கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான். விசாரணை முடிவை நம்பி, சொந்தப் புருஷனைத் திட்டியே சாகடித்துவிட்டாளே அவள்.

கதவு திறந்தது.

"என்னம்மா, அழிச்சாச்சா?"

"உங்களைப் போயா அவன் அண்ணன்னு கூப்பிட்டான்?"

மேலாளர் திரையைப் பார்த்தார். பாய்ந்து போர்டின் கரண்ட் வயரைப் பிடுங்கினார். அதன் விளக்கு அணைந்தது.

மூன்று.

வயர் அவர் கையில் இருந்தது.

இரண்டு.

"நிறுத்தும்மா," என்றார் கிசுகிசுப்பாக. அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

ஒன்று. நின்றது. கீழே, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக ஒரு வரி வந்தது.

"அண்ணா, அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"