உள்ளேயிருந்து இரண்டு தட்டு

லொறியின் பின்பக்கத்தில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். எமிலியானுஸ் கியரைப் போட்டு லொறியை எடுத்தார். செட்டிகுளத்துத் தேத்தண்ணிக் கடை பக்கக் கண்ணாடிக்குள் சின்னதாகி, காட்டு மரங்களோடு மரங்களாக மறைந்துபோனது. பறையனாலங்குளத்தைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. தட்டுவதற்கு லொறியில் வேறு ஆளே இல்லை. கிளீனர் சனூன் வேலையை விட்டு நின்று ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

காலை வெயில் தார் றோட்டில் நெளிந்துகொண்டிருந்தது. நேற்றுப் பின்னேரம் மன்னாரில் மீன் ஏற்றி, இரவு முழுக்க ஓடி, விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புகிற மனிதன் கண்ட கண்ட சத்தமெல்லாம் கேட்பான், அதிலே புதினமில்லை. நித்திரை இல்லாத தலை சும்மா இராது. எமிலியானுஸ் தன்னைத்தானே அப்படி ஏசிக்கொண்டு, போத்தல் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு ஓடினார்.

ஆனாலும் காது பின்பக்கமாகவே இருந்தது.

மீன் லொறிக்காரருக்குத் தட்டு என்பது தனிப் பாஷை. முதுகுப்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு அடித்த குளிர்ப்பெட்டி. சாரதிக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. கிளீனர் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் விடு என்று அர்த்தம். ஒரு தட்டென்றால் நில். விடுவது முன்னுக்கோ பின்னுக்கோ, கியர் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கம். ஆரம்பத்தில் காது கேட்டு, மூளை யோசித்து, பிறகு கால் அசையும். முப்பது வருஷம் ஓடிய பிறகு மூளைக்கு அங்கே வேலையில்லை. தட்டுக்கும் காலுக்கும் நேர்க்கதை.

அதிலும் எமிலியானுஸின் இடது கால் இப்போது ஒரு விசித்திரமான சாமான். இடுப்பிலிருந்து பெருவிரல் வரை மரத்துக் கிடந்தது. சனூன் போனபின் ஐஸ் நிறைத்த மீன் பெட்டிகளைத் தானே தூக்கி அடுக்கியதில் முதுகெலும்புக்குள் எதுவோ பிசகிவிட்டது. சலத்தை அடக்கி அடக்கி ஓடிய ஓட்டத்தில் சிறுநீரகத்தில் கல் வேறு. கிளச்சில் கால் இருக்கிறதா, பக்கத்தில் நழுவிவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். டொக்டர் எக்ஸ்றேப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி லொறி ஓட்டக்கூடாது என்றார். எமிலியானுஸுக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, வேறு என்ன செய்யலாம் என்று அந்தப் படத்தில் எழுதியிருக்கவில்லை.

ஒரேயொரு விஷயத்தை அவர் டொக்டரிடம் சொல்லவில்லை, மனைவி மார்த்தாவிடமும் சொல்லவில்லை. அந்தச் செத்த காலுக்குத் தட்டு மட்டும் கேட்கிறது. குனிந்து பார்க்காமலே, தட்டு விழுந்த அந்தக் கணமே, அது கிளச்சைக் கண்டுபிடித்துச் சரியாக மிதிக்கிறது, சரியாக விடுகிறது. எப்படி என்று அவருக்குத் தெரியாது. அதை நினைத்தால் பயமாக இருந்தது.

மடுச் சந்தி தாண்டி ஒரு பாலை மர நிழலில் ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டார்ட்டர் போய்விட்ட லொறி; நிறுத்தினால் இரண்டு பேராவது தள்ள வேண்டும். முதலாளி இந்தா மாற்றித் தாறன், அந்தா மாற்றித் தாறன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். தகட்டைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பின்பக்கம் போய்க் கொண்டியைத் தள்ளிக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமில்லை. கழுவிய தரை, மீன் வாடை, மூலையில் சனூனின் காட்போட் மட்டை. திரும்பி வரும்போது கிளீனர்மார் பெட்டிக்குள்ளேதான் படுப்பார்கள். ஐஸின் குளிர்மை மத்தியானம் வரைக்கும் நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது அதைப்போலச் சுகமான படுக்கை கிடையாது. காற்று வரக் கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவைப்பார்கள். அதனாலே இந்தத் தொழிலில் முதற் பாடம், உள்ளே எட்டிப் பார்த்துக் கூப்பிடாமல் கொண்டியைப் போடாதே என்பது. மீன் லொறி நிற்கிற வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: பெட்டிக்குள்ளிருந்து தட்டுக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறக்க வேண்டும்.

குளிர்தான் பிழையாக இருந்தது. ஐஸ் முழுவதையும் சந்தையிலேயே கொட்டியாகிவிட்டது, கதவும் வெகுநேரம் திறந்து கிடந்தது. அப்படியிருந்தும் உள்ளே இருந்து வந்த காற்று எலும்பில் பட்டது. கதவின் உட்பக்கத்தைப் பார்த்தார். தகடு காய்ந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும் ஓர் இடம் ஈரம். உள்ளங்கை அளவு.

கதவை அடித்துச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

முருங்கனுக்கு முன்னால், வயல்வெளி நடுவே, ஆளில்லாத றோட்டில், பின்னால் ஒரு தட்டு விழுந்தது.

இரண்டு கால்களும் ஒன்றாக மிதித்தன. லொறி குலுங்கி நின்றது. முன்னால் ஆடு இல்லை, மாடு இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. தூரத்தில் வெள்ளைக் கொக்குகள் அசையாமல் நின்றன. எமிலியானுஸ் கிளச்சை விடப் பார்த்தார். கால் விடவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கினார். சீமெந்துத் தூணைத் தூக்குவது போல் இருந்தது. சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மரியாயே, மரியாயே என்று வாய் முணுமுணுத்தது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் சனூனைக் கூப்பிட்டார். எருக்கலம்பிட்டியில் அவன் இப்போது மைத்துனனின் கடையில் நிற்கிறான். பதினொரு வருஷம் ஒன்றாக ஓடியவர்கள். முதுகு ஏலாது என்று சொல்லித்தான் அவன் வேலையை விட்டு நின்றான்.

"சனூன், ஒண்டு கேக்கிறன், சிரிக்காதை. இந்தப் பெட்டிக்கை ஏதும் சத்தம் கித்தம்..."

கடையில் யாரோ சீனி கேட்பது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. சனூன் எழும்பி வெளியே வந்திருக்க வேண்டும்.

"எத்தினை தட்டு அண்ணே?"

"முதல்ல ரெண்டு. இப்ப ஒண்டு."

"நிண்டிட்டியளோ?"

"ஓம். எடுக்க ஏலாமக் கிடக்கு."

"அண்ணே, நான் சொல்லாமப் போனது பிழைதான்." சனூனின் குரல் தாழ்ந்திருந்தது. "கடைசி மூண்டு நாலு மாசமா நான் தட்டவே இல்ல. தட்டக் கைய ஓங்குவன், அதுக்கு முன்ன தட்டு விழும். நீங்க எடுத்துக்கொண்டு போவீங்க. நான் ஓடிவந்து ஏறுவன். சொன்னா என்னப் பைத்தியமெண்டு சொல்லுவீங்க எண்டு பயம்."

"அப்ப ஆர் தட்டினது?"

"அல்லாஹ்தான் அறிவான். எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். அது முதல்ல என்னய மாதிரித் தட்டேல்ல. பாத்துப் பாத்துப் பழகினது. அண்ணே, லொறிய அங்கயே விட்டுட்டு இறங்குங்க. முதலாளி கிடந்து கத்தட்டும்."

இறங்கலாம் என்று எமிலியானுஸ் கதவுப் பிடியில் கை வைத்தார். அப்போதுதான் பின்னால் இரண்டு தட்டு. கால் மெதுவாக, அழகாக, ஒரு குலுக்கமும் இல்லாமல் கிளச்சை விட்டது. லொறி நகர்ந்தது. போன் மடியில் விழுந்து, சனூன் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டபடி கிடந்தான்.

உயிலங்குளம் போனது. சந்திகள் போயின. மன்னார்ப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் வெள்ளைத் தகடாகக் கிடந்தது. கண் கூசியது. எமிலியானுஸின் மனதில் இப்போது ஒன்றுதான் இருந்தது, மார்த்தா.

சனூன் போன நாளிலிருந்து வீட்டில் மார்த்தாதான் தட்டுவாள். தாழ்வுபாட்டில் அவர்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை ஒடுக்கம். லொறியைப் பின்பக்கமாகத்தான் வளவுக்குள் விட வேண்டும். பெட்டியைக் கழுவக் கிணற்றடி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். மார்த்தா லொறிக்கும் கிணற்றுக்கட்டுக்கும் இடையில் நின்றுகொண்டு உள்ளங்கையால் தட்டுவாள். அவளுடைய காப்பும் தகட்டில் பட்டு ஒரு கிணுங்கல் சேர்ந்து கேட்கும். அந்தக் கிணுங்கலைக் கேட்டால் அவருக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று இருக்கும். அந்த ஒரு சந்தோஷம்தான் இந்தத் தொழிலில் மிச்சம்.

போனை மடியிலிருந்து எடுத்தார்.

"மார்த்தா, இண்டைக்கு நீ பின்னுக்கு வராதை."

"ஏன்? பின்ன ஆர் பாக்கிறது? போன கிழமை வேலியைப் பிரிச்சது காணாதோ?"

"வராதை எண்டா வராதை. வீட்டுக்குள்ளை இரு. லொறி றோட்டிலை நிக்கட்டும்."

"குரல் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு? கால் வலிக்குதோ?"

"நான் சொல்லுறதைக் கேள்."

"சரியப்பா. நான் முன்னுக்கே நிக்கிறன்."

அவர் மூச்சு விட்டார். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றோட்டை மறித்து நின்ற கழுதைகள், ஹோன் அடிக்குமுன்பே விலகின. எப்போதும் தள்ளினால்கூட அசையாத சாமான்கள். ஒன்று பெட்டியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து சாக்கடைக்குள் காலை வைத்தது.

றோட்டில் நிறுத்துவது. சாவியைத் திருப்புவது. இறங்குவது. ஒழுங்கை வரும்வரை எமிலியானுஸ் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஒழுங்கையும் வந்தது. இரண்டு தட்டு விழுந்தது. கை வழமைபோல ஸ்டியரிங்கை ஒடித்தது, றிவேர்ஸ் கியர் விழுந்தது, லொறி பின்பக்கமாக வளவுக்குள் போனது. தட்டு, தட்டு. தட்டு, தட்டு. பழக்கம். எல்லாம் பழக்கம். ஒரு தட்டு. நின்றது.

முன்கண்ணாடிக்கு நேரே, குசினி வாசலில், கையில் விளக்குமாறோடு மார்த்தா நின்றாள். முன்னால்தான் நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி நின்றாள். எமிலியானுஸுக்குக் கண்ணீர் வந்தது. கிளச்சை மிதித்திருந்த இடது காலைப் பார்த்தார். அது அவருடைய கால் போலவே இருக்கவில்லை. கியரை நியூட்ரலுக்கு இழுத்தார். வரவில்லை. சாவியைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து தட்டுத் தொடங்கியது. இந்த முறை ஒன்றுமல்ல, இரண்டுமல்ல. பட படவென்று. மூச்சு முட்டுகிறவன் தட்டுவதைப்போல.

மார்த்தாவின் முகம் மாறியது.

"இஞ்சாருங்கோ, ஆரை உள்ளுக்கை வச்சுப் பூட்டினியள்?"

"போகாதை. மார்த்தா, அங்கை போகாதை."

எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதோ என்னவோ. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டாள். மீன் லொறி வீட்டுப் பெண். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். பக்கக் கண்ணாடியில் அவளுடைய சட்டை நிறம் ஒரு கணம் தெரிந்தது. பிறகு இல்லை.

எமிலியானுஸ் கதவைத் திறந்து உடம்பை வெளியே சரித்தார். இடது கால் வரவில்லை. கிளச்சோடு ஒட்டிக்கிடந்தது.

பின்னால் கொண்டியை இழுக்கிற சத்தம். கொண்டி இறுகியிருந்தது. பிறகு ஒரு தட்டு, காப்புக் கிணுங்கலோடு. நில்.

கால் நின்றது. ஆண்டவரே. நின்றது.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு.

கால் விட்டது. மெதுவாக, அழகாக. அவர் தொடையில் குத்தினார். தொடை உணரவில்லை. காப்பு ஒருமுறை கிணுங்கியது. இன்னொரு முறை. நில். நில். லொறி எதிலோ சாய்ந்து, எஞ்சின் உதறி, நின்றது.

கால் இப்போது கழன்று வந்தது. அவர் மணலில் விழுந்தார். தவழ்ந்து, தகட்டைப் பிடித்து எழும்பி, பின்பக்கம் போனார். பார்க்க மனமில்லாமல் பார்த்தார்.

லொறியின் பின்பக்கம் கிணற்றுக்கட்டோடு ஒட்டி நின்றது. இடையில் ஒரு கை நுழையாது. இரத்தம் இல்லை. மார்த்தா இல்லை. கொண்டி போட்டது போட்டபடியே இருந்தது. கதவிடுக்கில் அவளுடைய செருப்பு ஒன்று செருகிக் கிடந்தது.

"மார்த்தா."

உள்ளேயிருந்து ஒரு தட்டு. கிணுங்கலோடு.

கிணற்றுக்கட்டு இடிக்கிறது, கதவு திறக்காது. திறக்க லொறி முன்னுக்குப் போக வேண்டும். போக எஞ்சின் பிடிக்க வேண்டும். பிடிக்க இரண்டு பேர் தள்ள வேண்டும். எமிலியானுஸ் பின்மூலைத் தகட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். முதுகுக்குள் ஏதோ முறிந்தது. லொறி அசையவில்லை. ஒழுங்கையைப் பார்த்துக் கத்தினார். மத்தியான வெயிலில் ஒருவரும் இல்லை.

நில், நில், நில் என்று காப்பு கிணுங்கியது. பிறகு ஆறுதலாக, மெள்ள. பிறகு நின்று நின்று. தகட்டிலிருந்து குளிர் அவருடைய கன்னத்தில் ஏறியது.

சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து இரண்டு தட்டு. இரண்டிலும் காப்புக் கிணுங்கல்.

எமிலியானுஸின் இடது கால் மணலில் கிளச்சைத் தேடியது.