சிப்பி ப்ரூச்

காலை எட்டரை மணி. பிராவிடன்ஸ் நகரின் பொதுப் பட்டறையில், தியோடோராவின் அலமாரிப் பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே இருந்த, களிமண் குழம்பு ஊற்றி வார்க்கும் பிளாஸ்டர் அச்சுகள் எல்லாம் தூள் தூள்.

அடுத்த இடி கண்காட்சி மேசையில். வார்த்த வெள்ளிச் சட்டத்தில் பீங்கான் சிப்பி பதித்த, உடையில் குத்திக்கொள்ளும் ப்ரூச், தியோடோரா பெயரில் ஒன்று, அவள் தோழி ஓடெத் பெயரில் ஒன்று. பத்தடி தள்ளிப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

சார்ஜென்ட் லூசில் மெதெய்ரோஸ் வந்து சேர்ந்தாள். இதே பட்டறையின் சனிக்கிழமை வகுப்பில் கோணல் கோப்பைகள் செய்து களிமண்ணிடம் தோற்றவள் அவள்.

"யாரோட வடிவம்?"

"என்னுது. இவ காப்பியடிச்சா. மாட்டிப்போம்னு அச்சைத் தானே உடைச்சுட்டா," என்றாள் ஓடெத்.

"அடிப்பாவி! வாய் கூசலையாடி?" என்று கத்தினாள் தியோடோரா. இன்று மாலைக்குள் உண்மை தெரியாவிட்டால், அச்சைக் காட்ட முடியாத அவளைத்தான் பட்டறையை விட்டுத் துரத்துவார்கள். பெயரும் போய்விடும்.

லூசில் இரண்டையும் புரட்டினாள். பின்பக்கம் இரண்டிலும் ஒரே இடத்தில் நகக்கீறல்.

"உன்னுது ஏன் சின்னதா இருக்கு?"

"காலருக்குன்னு சின்னதா செதுக்கினேன்," என்றாள் ஓடெத்.

"களிமண்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வாளி, ஒரே சூளை."

லூசில் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். பிறகு ஓடெத் பக்கம் திரும்பினாள்.

"களிமண் சூளையில சுருங்கும். என் கோப்பையெல்லாம் அப்படித்தான் குறுகிப்போச்சு. சுட்ட சிப்பியிலேர்ந்து அச்செடுத்து வார்த்தா, அது இன்னொரு தடவை சுருங்கும். உன்னுதுல கீறல்கூட அதே கணக்குல சுருங்கியிருக்கு. காலருக்குன்னு செதுக்கினவ கீறலையுமா செதுக்குவா? சின்னதிலேர்ந்து அச்செடுத்தா பெருசு வராதும்மா. தாய் அவளுது. திருடினது நீதான், ஓடெத். உடைக்காம அவ அச்சுலயே வார்த்திருந்தா, அளவு ஒண்ணா வந்திருக்கும். நான் முழிச்சிருப்பேன்."

ஓடெத் மேசையிலிருந்த தன் பெயர்ச்சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ சுட்ட சிப்பி உனக்கு எப்படிக் கிடைச்சது?"

பதில் தியோடோராவிடமிருந்து வந்தது.

"நான்தான் குடுத்தேன், சார்ஜென்ட். முதமுதல்ல வார்த்தது. என் பொண்ணு ஞானஸ்நானத்தன்னிக்கு, ஞானத்தாய்க்குன்னு இவ கையில குடுத்தேன்."

அவள் ஓடெத்தின் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் வடிந்து, அழுகைதான் மிச்சமிருந்தது.

"கேட்டிருந்தா அச்சையே குடுத்திருப்பேனேடி."