ஏற்கெனவே இருக்கிறது

எழிலரசி கட்டளையைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் வேலை முடிந்திருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது. ஒரு கேள்வி கேட்காமல், திரையில் ஒன்றும் காட்டாமல், கமுக்கமாகச் சாப்ட்வேரைப் போட்டுக்கொள்ளும் முறைதான். ஆனாலும் நாலைந்து நிமிஷம் உள்ளே கடகடவென்று உருட்டாமல் எந்தக் கம்ப்யூட்டரும் அடங்காது. இது மூச்சுகூட விடவில்லை. என்ன ஆச்சு என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த பதிவைத் திறந்தாள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரே வரி.

எப்படி இருக்கும்? நேற்றுதானே எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைத் துடைத்தெடுத்தாள்.

சிதம்பரத்தில் அவள் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட தனியார் கல்லூரிக்குக் கைரேகை வருகைப்பதிவு வந்த வருஷம் அது, இரண்டாயிரத்துப் பத்து. அந்தச் சாப்ட்வேரை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாய்ப் போட யாருக்குப் பொறுமை? ஒன்றில் போட்டு, தன் கட்டைவிரலையே வைத்துச் சோதித்து, அதையே மற்றதற்கெல்லாம் நகலெடுத்துவிட்டாள். நடுவில் தன் ரேகையை அழிக்க மறந்துபோனாள். போதாத காலம், வேறென்ன. ஆய்வகம் முழுக்க எழிலரசி. அதனால்தான் எல்லாவற்றையும் துடைத்து, புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

மறுபடி நீக்கினாள். மறுபடி போட்டாள். ஏற்கெனவே இருக்கிறது. அடுத்ததில் உட்கார்ந்தாள். அதிலும் அதே வரி. வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, ஈரச் சுண்ணாம்பு நாற்றத்துக்கு நடுவே பின்வரிசையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அவள் தலையில் தேய்க்கும் அதே எண்ணெய், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சியது. அவள் இன்று தலையில் எண்ணெயே வைக்கவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை.

பூட்டுச் சாவியோடு வந்த சூப்பரின்டென்டென்ட் வைத்திலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேடம்? நீங்க அப்பவே கெளம்பிட்டீங்களே. கேட்டாண்ட பாத்தேனே, புள்ளைக்குக் காச்சல்னு சொல்லிட்டுப் போனீங்க."

"நானா? நான் எழுந்திரிக்கவே இல்ல சார்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

சிந்துஜாவுக்குக் காய்ச்சல்தான். இரண்டரை வயசு, அம்மா மடியில்லாமல் தூங்காது. அதை இவரிடம் அவள் சொல்லவே இல்லையே. எழுந்து கைரேகைக் கருவியில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. 'எழிலரசி வெளியே சென்றுவிட்டார்.'

வீட்டுக்குப் போன் போட்டாள். புருஷன் ராஜவேல் எடுத்தான்.

"என்னங்க, புள்ளைக்குக் காச்சல் எப்டி இருக்கு?"

அவன் சிரித்தான். "அடுப்படியிலேந்து எதுக்குடி போன் பண்ற? காசு ஜாஸ்தியா கெடக்கா? புள்ள ஒன் இடுப்புலதான இருக்கு."

பின்னால் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. அப்புறம் ஒரு பெண்குரல் கேட்டது.

"யாருங்க போன்ல?"

அவள் குரல்.

பஸ்ஸில் கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. இடித்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் ஒதுங்கவில்லை. என் புள்ள. என் புள்ள. வேறு எதுவும் மனசில் ஓடவில்லை.

மஞ்சக்குப்பத்தில் கரண்ட் இல்லை. தெருவே இருட்டு. வீட்டு ஜன்னலில் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சம்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

உள்ளே தரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவள் கட்டியிருந்த அதே ஊதாப் புடவை. அதே முகம். தலையில் எண்ணெய் மினுக்கியது. மடியில் சிந்துஜா. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சிந்து," என்றாள் எழிலரசி. "அம்மாடி. இங்க பாரு."

குழந்தை திரும்பியது. பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு, உள்ளே இருந்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அம்மா, பூச்சாண்டி."

அவள் எழுந்தாள். பிள்ளையின் முதுகைத் தட்டியபடியே ஜன்னலுக்கு வந்தாள்.

"யாருடி அங்க?" உள்ளேயிருந்து ராஜவேல் கேட்டான்.

அவள் எழிலரசியின் கண்ணையே பார்த்தாள்.

"யாரும் இல்லீங்க," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.