பதினான்காவது குழி

மருங்காபுரி தாண்டி, செம்மண்ணும் சீமைக்கருவேலமும் தவிர வேறொன்றும் விளையாத பூமியில், யாரோ ஒரு பெரிய மனிதருக்குக் கோல்ஃப் மைதானம் போடத் தோன்றியிருக்கிறது. பதினெட்டுக் குழிகள். பெரிய போட்டிகள் நடத்தும் தரம், கை தேர்ந்தவர்களையே அழவைக்கும் மைதானம் என்று பெயர். ஊருக்குக் குடிதண்ணீர் வராத நாளில்கூட அங்கே புல்லுக்குத் தண்ணீர் பாயும். ஆடு மேய்க்க வருகிறவர்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று அந்தப் புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஆடுகளும்தான்.

கார்த்திகை மாதத்து மதியம் ஒன்றில் யமுனாவும் நவநீதனும் ஸ்ரீரங்கத்திலிருந்து அங்கே காரில் வந்து இறங்கினார்கள். தை பிறந்தால் இருவருக்கும் கல்யாணம். யமுனாவின் கணவன் பூவரசன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், பதினான்காவது குழியில், நவநீதனோடு ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டான். அவன் முடிக்காமல் விட்ட கடைசி ஐந்து குழிகளையும், முதல் குழியிலிருந்தே ஆடிப் போய், முடித்துவிட்டுத்தான் புதுத்தாலி கட்டிக்கொள்வது என்று யமுனாவுக்கு ஒரு பிடிவாதம். ஆட்டம் சொல்லிக்கொடுத்ததே பூவரசன்தான். நவநீதனுக்கு வர இஷ்டமில்லை. ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது, மழை வரும்போல இருக்கிறது என்று வாரக்கணக்கில் தட்டிக்கழித்துப் பார்த்தான். அவள் விடவில்லை.

நவநீதன் புத்தூரில் பேர்போன டாக்டர். பூவரசனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். பச்சைப் புல்லில் தன் மடியில் தலைவைத்தபடி, "யமுனாவைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் பூவரசன் கண்ணை மூடினான் என்று அன்று எல்லோரிடமும் சொன்னவன் அவன்தான். டாக்டரே சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது? அஸ்தி கரைக்கும்போது அம்மா மண்டபம் படித்துறையில் முழங்கால் தண்ணீரில் அவளோடு நின்றதும் அவன்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் யமுனா இரண்டு வருஷத்தை ஓட்டினாள். அந்த வார்த்தைக்காகத்தான் கல்யாணத்துக்கும் சரி என்றாள்.

வரவேற்பில் இருந்த பெஞ்சமின், மழை அறிவிப்பால் வேறு யாரும் ஆட வரவில்லை, முழு மைதானமும் உங்களுக்குத்தான் என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பதினாலாவது ஹோல்ல இடது பக்கம் முள்ளுக்காட்டுக்குள்ள பால் போச்சுன்னா விட்டுடுங்க மேடம். எங்க ஆளுங்க யாரும் உள்ள போறதில்ல."

ஏன் என்று அவள் கேட்டதற்கு அவன் மேஜைமேல் இருந்த பேனாக்களை அடுக்க ஆரம்பித்தான்.

முதல் குழியில் ஒன்றும் விசேஷமில்லை. தூரத்தில் குழிக்கு அடையாளமாக நட்டிருந்த கொடியை நோக்கி இருவரும் அடித்தார்கள், நடந்தார்கள். நவநீதனின் பந்து கொடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆளுக்காள் பந்து மாறிவிடாமல் இருக்கப் பேனாவால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வது வழக்கம். டாக்டர் இல்லையா, நவநீதன் சிவப்பில் கூட்டல் குறி போடுவான்.

கூட்டல் குறி போட்ட பந்து அங்கே இரண்டு கிடந்தது.

ஒன்று புதிது. மற்றது பழுப்பேறி, செம்மண் அப்பி, குறி பாதி அழிந்திருந்தது. நவநீதன் அதைச் சட்டென்று எடுத்துப் பையில் போட்டான். எப்போதோ விட்டுப்போன பந்தாக இருக்கும் என்றான். யமுனாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது குழிக்குக் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். நல்ல நல்ல ஆட்டக்காரர்களின் மானம் அந்தக் குளத்தில்தான் மூழ்கியிருக்கிறது. இருவரும் தப்பித்துக் கரையேறினார்கள். கொடியருகே அதே அழுக்குப் பந்து கிடந்தது. நவநீதன் பையைத் துழாவினான். அங்கே அது இல்லை. குனிந்து எடுத்தவன் திரும்பி, அதைக் குளத்தின் நடுவில் வீசினான்.

ஐந்தாவது குழி பாறைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை அளவுக்குக் குறுகியது. ஆறாவதில் எதிர்காற்று. இந்த மைதானம் மனிதனைச் சோதிப்பதற்கென்றே போட்டதுதான். ஆனால் இப்போது யமுனாவின் கவனம் ஆட்டத்தில் இல்லை. பாதையின் இடது ஓரத்து உயரப் புல்லுக்குள் ஒரு சத்தம் கூடவே வந்துகொண்டிருந்தது.

சரக்.

சரக்.

யாரோ மட்டையால் புதரை விலக்கி விலக்கிப் பார்க்கிற சத்தம். இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. கீரிப்பிள்ளையாக இருக்கும் என்றான் நவநீதன். அவள் கேட்காமலே சொன்னான்.

எட்டாவது குழியில் யமுனாவின் பந்து அழகாக உருண்டு உள்ளே விழுந்தது. எடுக்கக் குனிந்து கையை விட்டாள். விரலில் தட்டியது வேறெதுவோ. ஈரமாக, ஐஸ் கட்டியாகச் சில்லிட்டிருந்தது. வெளியே எடுத்தால் அதே அழுக்குப் பந்து, கூட்டல் குறியில் ஒரு முள் குத்தி நின்றது. குளத்துப் பாசி வாடைக்கு மேலாக ஒரு வாசனை அடித்தது. பூவரசன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் வலித் தைலம். எட்டு வருஷம் அவள் தலையணையில் இருந்த வாசனை அது.

அவளுக்குப் பயத்தைவிட முதலில் அழுகைதான் வந்தது.

"திரும்பிடலாம் யமுனா. வானம் இருட்டிக்கிட்டு வருது," என்றான் நவநீதன்.

"அவரு இங்க இருக்காரு," என்றாள் அவள். "நான் ஆடி முடிச்சிட்டுத்தான் வருவேன்."

ஒன்பது, பத்து, பதினொன்று. வறண்ட ஓடையைத் தாண்டினார்கள், மணல் பள்ளங்களில் விழுந்து எழுந்தார்கள். புதரின் சத்தம் ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கிட்ட வந்தது. யமுனா ஒன்றை யோசித்துக்கொண்டே நடந்தாள். கணவன் அவளைப் பார்க்க வந்திருந்தால் அவனுடைய பந்து அல்லவா கிடைக்க வேண்டும்? ஏன் நவநீதன் பந்து? இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பூவரசனைக் குளிப்பாட்டும்போது முகத்திலும் இரண்டு கைகளிலும் முள் கீறல்கள் இருந்தன. முந்தின குழியில் எங்கோ கீறிக்கொண்டான் என்று நவநீதன் சொல்லியிருந்தான்.

பதினான்காவது குழியின் ஆரம்பத்தில் நிற்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. இடது பக்கம் முள்காடு கறுத்து நின்றது. நவநீதன் வழக்கம்போலத் தரையில் மரக்குச்சியைச் செருகிப் பந்தை வைக்கப் போனான்.

குச்சி ஏற்கெனவே செருகியிருந்தது.

அதன்மேல் அந்த அழுக்குப் பந்து இருந்தது.

"அன்னைக்கு உங்க பால் தொலைஞ்சுதா?" என்று கேட்டாள் யமுனா.

இல்லையே என்று அவன் வாயைத் திறப்பதற்குள் முள்காட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மூச்சு வாங்கினாலும் சந்தோஷமான குரல்.

"நவநீ, உன் பால் இங்க இருக்குடா."

யமுனாவுக்குத் தெரியாதா, அது பூவரசன் குரல். சாகும்வரை மறக்க முடியாத குரல். நவநீதன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"இதேதான்," என்றான். "இதேதான் சொன்னான்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அன்று அது இறுதிப் போட்டி. நவநீதன் ஓர் அடி வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தான். இங்கே அவன் அடித்த பந்து முள்காட்டுக்குள் போய்விட்டது. பந்து கிடைக்காவிட்டால் அபராத அடி சேரும், முன்னணி போய்விடும். சிநேகிதனின் பந்தைத் தேடப் பூவரசன் முதல் ஆளாக உள்ளே இறங்கினான். இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது, அவனவன் நாணயம்தான் நடுவர். நவநீதன் கால்சட்டைப் பையிலிருந்து இன்னொரு பந்தைப் புல்லில் நழுவவிட்டு, கிடைத்துவிட்டது என்று நடந்துவிட்டான். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. நிஜப் பந்தோடு பூவரசன் வெளியே வந்தால் திருட்டு அம்பலமாகிவிடும்.

"அப்புறம்?"

"மூச்சு அடைக்குது, கொஞ்சம் வாடான்னான்."

"நீங்க?"

"ஹோலை முடிச்சேன்," என்றான்.

முடித்துவிட்டுப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பூவரசனைக் காட்டிலிருந்து புல்லுக்கு அவனே இழுத்துவந்து போட்டிருக்கிறான். பாதியில் நின்ற ஆட்டத்தில் முன்னணியில் இருந்தவன் என்று அவனுக்கே கொடுத்த கோப்பை இன்றைக்கும் புத்தூரில் அவன் அறையில், பூவரசன் ஞாபகார்த்தமாக என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. யமுனாவே அதைப் பல தடவை துடைத்திருக்கிறாள்.

அவளுக்குக் கேட்க ஒன்றுதான் பாக்கி இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

"என்னைப் பாத்துக்கச் சொன்னாரே?"

அவன் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

"நவநீதன். அவரு அதைச் சொன்னாரா?"

"நேரம் இருந்திருந்தா சொல்லியிருப்பான்," என்றான் அவன்.

யமுனா அழவில்லை. இரண்டு வருஷமாக அவள் குடியிருந்த வீட்டுக்கு அஸ்திவாரமே கிடையாதாம். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். இவனோடு சேர்ந்து அந்தப் படித்துறையில் நின்றோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நவநீ," என்றது காடு. "கொஞ்சம் வாடா."

நவநீதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். போகாதே என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தான்.

"போங்க," என்றாள் யமுனா. "இப்பவாவது போங்க."

அவன் எழுந்து போனான். முள்காட்டில் கிளைகள் முறிகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

அவள் மட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மீதி ஐந்து குழிகளையும் ஆடாமலே குறுக்கே கடந்து நடந்தாள். கிளப் வாசலில் விளக்கு எரிந்தது. பெஞ்சமின் பைனாகுலரோடு மாடிப்படியில் நின்றிருந்தான். ஆடப் போனவர்கள் திரும்பிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவானாம். டாக்டர் எங்கே என்று கேட்டான். பந்து தேடப் போயிருக்கிறார் என்றாள் அவள். கார் கதவைத் திறந்தாள்.

"அதோ வர்றாங்களே மேடம்," என்றான் பெஞ்சமின், கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல். "கூட யாரு? இன்னொருத்தர் சார் தோள்மேல கை போட்டுக்கிட்டு வர்றாரே."

யமுனா கதவைப் பிடித்தபடி நின்றாள். திரும்பிப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு பேருல ஒருத்தராவது இந்தப் பக்கம் பாக்குறாங்களா?"

"இல்ல மேடம். குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டே வர்றாங்க."

அவள் வண்டியைக் கிளப்பினாள். பெஞ்சமின் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் மெல்ல மாறியது.

"அப்பலேருந்து நடந்துக்கிட்டேதான் மேடம் இருக்காங்க. கிட்ட வர மாட்டேங்கறாங்க."