பெருவிரல் முடிச்சு

படிக்கட்டில் யாரோ இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். டொம். மூச்சு வாங்குகிற மாதிரி கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி டொம்.

தங்கதுரை ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்துக்குப் படிக்க வந்து நாலு நாள்தான் ஆகிறது. நவம்பர் மாதம், சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் வெளியே கும்மிருட்டு. நான்காவது மாடியில் அறை. டிராம் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டு திரும்புகிற ஓசை, ஹீட்டருக்குள் தண்ணீர் களகளக்கிற ஓசை, பக்கத்து அறையில் உருகும் வெண்ணெய் வாடை எல்லாம் ஒருவழியாகப் பழகிவிட்டன. இந்தக் குதிப்பு மட்டும் பழகவில்லை. முந்தாநாள் அது கீழ்ப்படியில் கேட்டது. நேற்று இரண்டாவது மாடியில். எட்டிப் பார்த்தால் ஆளில்லை. மரப்படியில் ஈரச் செம்மண் மட்டும் அப்பியிருந்தது. அது தன் ஊர், கல்வராயன் மலையடிவாரத்து மண் என்பது அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்கி அவனைப் படிக்கவைத்தவள் அம்மா சாலம்மாள். அவன் நைனார்பாளையத்தை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போனாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் டீக்கு நின்றபோது அக்கா கமலா போனில் அழுதாள். எதிரே, ஊர்ப்பக்கம் திரும்பிப்போகிற கள்ளக்குறிச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "வந்துகினே இருக்கேன்க்கா, எடுத்துடாதீங்க" என்று சொன்னான். போனை அணைத்தான். சென்னை பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். பாவி, டீயைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

இன்றைக்குத்தான் மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டான்.

"எங்கடா இருக்க?"

"இங்க... வந்து சேந்துட்டேன்க்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு நாளு ஐஸ் பெட்டியில வெச்சிக்கினு ஒன்னயே பாத்துக்கினு இருந்தோம். மழ வேற புடிச்சிக்கிச்சி. பழனி மாமாதான் இனிமே தாங்காதுன்னு எடுக்கச் சொன்னாரு."

"அக்கா..."

"கால் பெருவெரலு ரெண்டயும் சேத்துக் கட்டுற துணிய, குழியில எறக்கசொல்ல மவன்தான அவுக்கணும்? நீ வந்துகினு இருக்கன்னு ஒருத்தரும் கை வெக்கல. அப்பிடியே பொதச்சிட்டோம்டா."

டொம்.

மூன்றாவது மாடி. போன் கையிலிருந்து நழுவியது.

டொம். டொம்.

ஹீட்டர் ஓசை நின்றுபோனது. வெண்ணெய் வாடை போய், நனைந்த சாமந்தியும் ஊதுவத்தியுமாக மணத்தது.

டொம்.

கதவுக்கு வெளியே.

"சாமி." தாடைக்கட்டுக்குள் நசுங்கி வந்தது குரல். அம்மாதான். "அவுத்து வுடு சாமி. நடக்க முடியல."

ஓடலாம். ஒருமுறை ஓடியாகிவிட்டது. இனி எந்த ஊருக்கு ஓடுவது?

திறந்தான். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வெறுங்காலோடு வாசற்படியில் மண்டியிட்டான். வெடித்த பாதங்கள். விரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. நகம் ஏறவில்லை. பல்லால் கடித்தான். வாயில் மண் கரித்தது. முடிச்சு விட்டுப்போனது.

"தப்பு பண்ணிட்டேன்ம்மா. வூட்டுக்குப் போயிடும்மா."

வலது கால் எழுந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. பிறகு இடது கால். அவனை உரசிக்கொண்டு பின்னால் போனது.

அவன் திரும்பவில்லை.

கையிலிருந்த துணியை யாரோ மெதுவாக உருவினார்கள். மண்டியிட்டபடியே இருந்த அவனுடைய இரண்டு பெருவிரல்களையும், ஒரு குளிர்ந்த கை சேர்த்துப் பிடித்தது.